ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்த மகள்

ஏப்ரல் 28, திங்கள்

எட்டு மணிக்கே வெயில். மாவுக்கட்டுப் போட்டு மூன்றாம் நாள். வலது கணுக்கால். ஆறு வாரம் என்றார் டாக்டர். மழையில் வண்டிப் படியிலிருந்து இறங்கும்போது வழுக்கியது, அவ்வளவுதான். பதினோரு வருஷமாக வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் வண்டி ஓட்டுகிறேன். வண்டி மேல் ஒரு கீறல் கிடையாது. என் மேல்தான்.

பையில் பழைய ட்ரிப் ஷீட் கட்டு ஒன்று. பின்பக்கம் வெறும் தாள். எதையாவது எழுதிப் பழகிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. யாரும் பார்க்கப் போவதில்லை. எழுதுகிறேன்.

செல்வி ஒன்பது மணிக்குப் பல் டாக்டர் கிளினிக் போய்விட்டாள். டோக்கன் போடும் வேலை. வழக்கமாக மகளை மாடி வீட்டு நஸீமா அக்காவிடம் விட்டுவிட்டுப் போவாள். இன்றிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு காலை வைத்துக்கொண்டு என்ன பார்ப்பது, தெரியவில்லை.

தன்ஷிகா. தன்ஷி. இதில் சுருக்கமாக த. மார்ச்சில் நாலு வயது முடிந்தது. ஜூனில் எல்.கே.ஜி.

அவள் ஏழே முக்காலுக்கு எழுந்திருப்பாள் என்பது எனக்குப் புதுச் செய்தி. நான் கிளம்புவது நாலரை. திரும்புவது ஒன்பதரை. இரண்டு நேரமும் அவள் தூக்கத்தில். இன்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, கட்டிலில் என்னைப் பார்த்து, கிசுகிசுவென்று:

"அப்பா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?"

"இல்லம்மா. திங்கக்கிழமை."

நம்பவில்லை. அம்மாவிடம் போய்க் கேட்டு வந்தாள். அப்புறமும் நம்பவில்லை.

ஏப்ரல் 30, புதன்

நேற்றுச் சாயங்காலம் ஆலங்கட்டி மழை. அரைமணி நேரம். கரண்ட் போய், காலையில்தான் வந்தது.

இந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டவை:

பால் பச்சை டம்ளரில் மட்டும். வேறு டம்ளரில் ஊற்றினால் "இது பால் இல்ல."

செருப்பு போடுவது, சட்டை மாட்டுவது, பல் தேய்ப்பது எல்லாம் "நானே". உதவிக்குக் கை நீட்டினால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

வேண்டாம் என்பதற்கு மூன்று வார்த்தை. எங்களிடம் "வேணாம்". நஸீமா அக்காவிடம் "நக்கோ". எதிர்வீட்டு கன்னடக்காரம்மாவிடம் "பேடா". ஆளைப் பார்த்ததும் வார்த்தை மாறுகிறது. ஒருமுறைகூடத் தப்பவில்லை. நான் கன்னடம் கற்றுக்கொள்ள எத்தனை கண்டக்டர்களிடம் திட்டு வாங்கியிருப்பேன்.

பொய் சொல்கிறாள். என் காலைப் பஸ் கடித்துவிட்டதாக எதிர்வீட்டில் சொல்லியிருக்கிறாள். என்னிடம் கேட்டால், "லேசாதான் கடிச்சிச்சி" என்கிறாள், அதே கிசுகிசுக் குரலில்.

எப்போதும் மெதுவாகத்தான் பேசுகிறாள். நடந்தால் சத்தம் இல்லை. அமைதியான பிள்ளை. அதில் மட்டும் என்னைக் கொண்டிருக்கிறாள். டீக்கடையில் மற்ற டிரைவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் அட்டகாசத்தைச் சொல்லும்போதெல்லாம் நான் சொல்வது: "எம்பொண்ணு இருக்கிற இடமே தெரியாது."

மே 2, வெள்ளி

காலில் அரிப்பு. கட்டுக்குள் விரல் போகாது. செல்வியின் பின்னல் ஊசி உபயோகமாக இருக்கிறது.

மத்தியானம் த. தூங்கினதும் போனில் பழைய போட்டோ பார்த்தேன். பிறந்த நாளிலிருந்து. ஒரு இருபது முப்பது தாண்டியதும்தான் உறைத்தது. நான் எடுத்த எல்லாவற்றிலும் அவள் கண் மூடியிருக்கிறது. தொட்டிலில், பாயில், செல்வி மடியில், என் மார்பில். மூன்று மாதத்தில், ஒரு வயதில், போன தீபாவளிக்குப் புது கவுனோடு. எல்லாமே தூக்கம். வீட்டுக்கு வந்ததும் விளக்குப் போடாமல் போன் வெளிச்சத்தில் எடுப்பேன். அது எனக்கு ஒரு பழக்கம்.

கண் திறந்திருக்கும் படமெல்லாம் செல்வி எனக்கு அனுப்பியவை.

அவள் முதன்முதலில் எட்டு வைத்து நடந்ததையும் அப்படித்தான் பார்த்தேன். வைட்ஃபீல்ட் பார்க்கிங்கில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு. பதினொரு நொடி வீடியோ. நாலு எட்டு, பிறகு விழுந்து எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிப்பு. பக்கத்து வண்டி டிரைவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்று பார்க்கும்போது ஏன் இப்படி இருக்கிறது?

செல்வியின் பழைய வாய்ஸ் மெசேஜ்களையும் கேட்டேன். ஒன்றரை வயதில் லாரிக்கு "லாயி". தண்ணிக்கு "அப்பு". காக்காவுக்கு "கோக்கா". எழுந்ததும் கூப்பிட்டு, "தன்ஷி, லாயி சொல்லு" என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"அப்பா, அது லாரி."

மே 5, திங்கள்

நஸீமா அக்கா சேமியா கொண்டுவந்தார். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவர், ஐம்பது வயது இருக்கும். இரண்டு வருஷமாகத் த. இவரிடம்தான் வளர்கிறாள். மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று ஆரம்பித்தேன்.

"நல்லவேளை, அமைதியான புள்ள. உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு இருந்திருக்காதுக்கா."

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"யாரு? தன்ஷியா அமைதி? அரே அல்லா! சேகரு, அது கத்துறதுல எனக்கு ஒரு காதே போச்சு. கீரைக்காரன் முக்குல 'சொப்பூ'ன்னு கூவுறான்ல, அவன விட சத்தமா இது மாடிலேர்ந்து கூவும். அவனே மேல பாத்து கும்பிடுறான்."

த. என் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அக்காவைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

"பாரு, பாரு. இங்க பூனைக்குட்டி."

கொஞ்ச நேரம் மாடிக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கூரை அதிர்ந்தது. குதிப்பு. ஓட்டம். ஒரு பாட்டு, பாதி கன்னடம், பாதி எதுவென்று தெரியவில்லை. ஒரு நீளமான சிரிப்பு. இது யார் குரல் என்று எனக்கே சந்தேகம். என் மகளை நான் கூரை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறரைக்குச் செல்வி வந்தாள். துணி மடிக்கும்போது கேட்டேன். அவள் நிமிரவே இல்லை.

"நான்தான் பழக்கினேன். ஒரு வயசுலேர்ந்து. அப்பா தூங்கறாரு, மெதுவா பேசு, மெதுவா நட. நீ ஞாயித்துக்கிழமை பூரா தூங்குவ. நுனிக்கால்ல நடக்கும் பாரு, இத்தன நாள் நீ கவனிக்கலியா?"

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? வீட்ல குழந்த இருக்குதுன்னா?"

சொன்ன பிறகு அவளுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. சட்டையை இரண்டாம் முறை மடித்தாள்.

"நீ ஸ்டியரிங்ல கண்ணசந்தா பின்னாடி நாப்பது பேரு. அத நெனச்சிதான் பண்ணேன்."

அவள் செய்ததில் தப்பில்லை. அந்தத் தூக்கத்தில்தான் பதினோரு வருஷம் வண்டி கீறல் இல்லாமல் ஓடியது.

மே 8, வியாழன்

மேகமூட்டம். காற்று நன்றாக இருந்தது. மாம்பழ வண்டி தெருவுக்கு வர ஆரம்பித்துவிட்டது.

நாலு நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன். "தன்ஷி, அப்பா தூங்கல. சத்தமா பேசலாம்." தலையாட்டுகிறாள். பேசுவது அதே குரல்தான். "அப்பா இருக்கும்போது கத்தலாம், ஓடலாம்." "சரிப்பா." அதையும் கிசுகிசுவென்றுதான்.

நான் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாலும் அவளுக்கு நான் தூங்குகிறவன்தான்.

ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு ஞாயிறு சாயங்காலம் அல்சூர் ஏரிக்குத் தூக்கிப் போனேன். எல்லாம் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தாள். வாத்து, பலூன், நாய். எல்லாவற்றுக்கும் ஒரே கத்தல். திரும்பி வரும்போது தோளில் தூங்கிப்போனாள். தலை வியர்த்து என் சட்டை ஒட்டிக்கொண்டது. எச்சில் வேறு. அந்தச் சட்டையை இரண்டு நாள் துவைக்கப் போடவில்லை. செல்வி திட்டினாள்.

அப்படியானால் ஏழு மாதத்தில் என் முன்னால் கத்தியிருக்கிறாள். அது எப்போது நின்றது? எந்த ஞாயிற்றுக்கிழமை? நான் தூங்கியிருப்பேன்.

மே 14, புதன்

எல்.கே.ஜி. சேர்க்கைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். செல்விக்கு லீவு இல்லை. நான், த., வாக்கர், ஆட்டோ. பள்ளிக்கூடம் பக்கம்தான். புது கவுன். இரண்டு பின்னல் செல்வி போட்டுவிட்டாள், ரிப்பன் மட்டும் "நானே".

மிஸ் நல்ல மாதிரி. சின்ன வயதுதான். முதலில் இங்கிலீஷில் பேர் கேட்டார். பிறகு கன்னடத்தில். த. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேரைச் சொன்னாள், உதடு மட்டும் அசைந்தது.

"ஜோராகி ஹேளு புட்டா."

சத்தமாகச் சொல்லச் சொன்னார். மறுபடியும் உதடு. காக்கா படம் காட்டினார். பஸ் படம் காட்டினார். எல்லாவற்றுக்கும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அதனிடம் பதில் சொன்னாள். மிஸ் தாளில் ஏதோ எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில்:

"வீட்ல பேசுவாளா சார்? இல்ல, எப்பவும் இப்படித்தானா? பேச்சு டாக்டர் யார்கிட்டயாவது காட்டியிருக்கீங்களா?"

"நல்லா பேசுவா மிஸ். நான் இருந்தா பேசமாட்டா."

வாயிலிருந்து வந்துவிட்டது. மிஸ் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்த பார்வை வேறு. அடிக்கிறவன் என்று நினைத்திருப்பார். குடிக்கிறவன் என்றும். எதை என்று விளக்குவது? தூங்குகிறவன் என்றா?

"நான் வெளிய உக்காந்துக்கறேன் மிஸ். நீங்க கேளுங்க."

வாக்கரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் குழந்தைகள் உட்காரும் சின்ன பெஞ்சு. கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்தேன். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் என்று தோன்றியது. பிறகு:

"அது காக்கா! எங்க மாடிக்கு டெய்லி வரும்! நஸீமாக்கா சப்பாத்தி போடுவாங்க! ஒண்ணுக்கு மூக்கு ஒடஞ்சிபோச்சி மிஸ், அதுக்கு நான் தனியா வெப்பேன்!"

வராந்தா முழுக்கக் கேட்டது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணும் கலங்கிவிட்டது, துடைக்கக் கைக்குட்டை இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். சீட் உண்டு. மிஸ் சிரித்துக்கொண்டே, "சத்தம்தான் கொஞ்சம் கம்மி பண்ணணும் சார்."

திரும்பி வரும்போது ஆட்டோவில், பழைய குரலில்:

"அப்பா, நீ வெளிய தூங்கலயா?"

"தூங்கல. கேட்டுட்டேதான் இருந்தேன்."

"கத்தினனா?"

"கத்தின."

"சாரிப்பா."

எங்கள் ஜீவனஹள்ளி வரும்வரை நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மே 16, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மழை. கேஸ் சிலிண்டர் வந்தது.

மே 22, வியாழன்

இதை முழுசாக எழுதி வைக்க வேண்டும்.

காலை பதினோரு மணி. த. அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் செருப்பு, கரண்டி, டப்பா மூடி, என் பழைய ஷூ எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரமாக. எனக்கு அவசரமாக பாத்ரூம் போக வேண்டியிருந்தது. வாக்கரை ஓரமாக நகர்த்தப் பார்த்தேன். இடமில்லை. வாக்கரின் முன்கால் பட்டு வரிசை சரிந்தது. டப்பா மூடிகள் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயின.

"யோவ்! கண்ணு தெரியல? பஸ் நிக்குதுல்ல!"

எனக்கு ஒரு நொடி யார் கத்தினார்கள் என்றே புரியவில்லை. அவளுக்கும்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் பெரிதாகி, என்னையே பார்த்தபடி நின்றாள்.

என்ன செய்வதென்று யோசிக்க நேரமில்லை. பதினோரு வருஷம் ஹோப் ஃபார்ம் சிக்னலில் கத்திய தொண்டை. அப்படியே எடுத்துவிட்டேன்.

"யோவ்! நடு ரோட்ல யாருய்யா வண்டிய நிறுத்தினது?"

கை மெதுவாக வாயிலிருந்து இறங்கியது.

"என் ஸ்டாப்பு இது!"

"இது ஸ்டாப்பா? போர்டு எங்க?"

"போர்டு நீதான் தள்ளிட்ட! எடுத்து வெய்யி! இவங்கல்லாம் எறங்கணும், எவ்ளோ நேரம் நிப்பாங்க!"

"என் வண்டிக்கு அவசரம்! வழி வுடு!"

"வுடமாட்டேன்! நக்கோ! பேடா! வுடமாட்டேன்!"

முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு தெரிய, என்மேல் கத்தினாள். மூன்று மொழியிலும். என்மேல்! நான் அவளுக்குச் சமமாகக் கத்தினேன். நஸீமா அக்கா தைத்துக்கொண்டிருந்த புடவையைக் கையில் பிடித்தபடி படியிறங்கி ஓடிவந்தார்.

"என்னாச்சு? யாரு விழுந்தது?"

"யாரும் விழலக்கா. ட்ராஃபிக்."

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். புடவையைச் சுருட்டிக்கொண்டு மேலே போய்விட்டார்.

கடைசியில் வண்டிகளை நகர்த்தி வழி விட்டாள். பாத்ரூம் கதவு சாத்தும்போது வெளியிலிருந்து, "சீக்கிரம் வா! அடுத்த பஸ் வருது!"

இதுவரை அவள் என்மேல் கோபப்பட்டதே இல்லை என்பது அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. நாலு வருஷத்தில் ஒருமுறைகூட.

மே 27, செவ்வாய்

வீட்டில் நிம்மதி போய்விட்டது. காலையிலிருந்து சத்தம். தலைவலி மாத்திரை ஒன்று. செல்வி சொல்கிறாள்: "கேட்டு வாங்கிக்கிட்டல்ல, அனுபவி." ஆனால் அவள் முகத்திலும் ஏதோ லேசாகியிருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு அவள் எத்தனை ஞாயிறு உட்கார்ந்திருப்பாள்.

த. இப்போது கேட்கும் கேள்விகள்: பஸ் தூங்குமா? நீ சின்னப் பையனா இருந்தப்ப நான் எங்க இருந்தேன்? செத்தா ஷூ போடணுமா?

இதையெல்லாம் இத்தனை நாள் யாரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்?

ஜூன் 7, சனி

கட்டுப் பிரித்தாச்சு. கால் மெலிந்து வேறு யாருடையதோ போல் இருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் பயிற்சி, பிறகு டியூட்டி என்றார் டாக்டர்.

பள்ளிக்கூடம் ஆரம்பித்து மூன்று நாள். அழவில்லை. முதல் நாளே பக்கத்துப் பெண்ணிடம் சண்டை, பென்சில் விஷயம். மிஸ் டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போடும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான். எழுதக்கூடாது, எழுதிவிட்டேன்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை வீடு சும்மா கிடக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து பழைய வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். லாயி. அப்பு. கோக்கா. போன மாதம் அவள் சொன்ன "யோவ்" கூட இப்போது இல்லை. மிஸ் சொல்லிக்கொடுத்துவிட்டார். "எக்ஸ்கியூஸ் மீ" என்கிறாள்.

ஜூன் 22, ஞாயிறு

தூறல். நாளை டியூட்டி.

சூப்பர்வைசரிடம் பகல் ட்ரிப் மட்டும் கேட்டேன். "ஜூலையில ஒரு டிரைவர் போறாரு, அப்ப பாக்கலாம் சேகர்." நல்ல மனுஷன். செய்வார் என்று நினைக்கிறேன். அதுவரை பழையபடி நாலரை, ஒன்பதரை.

த.விடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் காலைத் தடவிப் பார்த்து, "முழுசா சரியாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

வைட்ஃபீல்ட் பார்க்கிங். மத்தியானம் பன்னிரண்டே முக்கால். கால் கொஞ்சம் வீக்கம், பரவாயில்லை. பிரேக் சரியாகத்தான் மிதிக்கிறது.

காலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி வந்தேன். நாலு வருஷப் பழக்கம். அவள் அசையவில்லை.

எட்டு மணிக்குச் செல்வி போன். முதல் ட்ரிப் முடித்திருந்தேன். வீடியோவில் த. முகம் மட்டும், ரொம்பப் பக்கத்தில். முன்பெல்லாம் போனைக் கொடுத்தால் இரண்டு நொடி பார்த்துவிட்டு ஓடிவிடுவாள்.

"நீ எங்க?"

"டியூட்டிம்மா."

"சொல்லாம ஏன் போன?"

"நீ தூங்கிட்டு இருந்த."

"எழுப்பு!"

"நாலரை மணிம்மா, இருட்டா இருக்கும்..."

"எழுப்புன்னு சொல்றேன்ல!"

அடுத்த வண்டி டிரைவர் திரும்பிப் பார்த்தார். என் மகள் இருக்கிற இடமே தெரியாது என்று இவரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

பிறகு அழுகை. யூனிபார்ம் போடமாட்டேன் என்று அரைமணி நேரம் அழுததாகச் செல்வி அப்புறம் சொன்னாள்.

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். நாலு வருஷம் தினமும் அதே நேரத்துக்குப் போனேன். யாரும் அழவில்லை. எட்டு வாரம் வீட்டில் இருந்து நான் அவளுக்குச் செய்துகொடுத்தது இதுதான். நல்லதா கெட்டதா, தெரியவில்லை. மூன்றரைக்கு வண்டி எடுக்க வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

குளிர். வாசலில் ஈரம்.

நாலே காலுக்குக் கட்டில் பக்கம் போய் உட்கார்ந்தேன். செல்வி பாதித் தூக்கத்தில், "தூங்கற புள்ளைய எழுப்புவியா? உனக்கென்ன பைத்தியமா?" எனக்கும் அப்படித்தான் பட்டது. எழுப்பினேன்.

எழுந்து உட்கார்ந்தாள். முடி முகத்தில். கண் ஒன்று திறந்து, ஒன்று மூடி.

"தன்ஷி. அப்பா போயிட்டு வரேன்."

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அக்கம்பக்கமெல்லாம் தூங்குகிற நேரம் என்று பார்க்காமல், முழுக் குரலில்:

"சரி, போ!"

படுத்துக்கொண்டாள்.